ஒத்தைப் பாட்டு

புளியரை எஸ் வளைவில் மண்சரிவு.
இரவு பதினொன்றேகால்.
நூற்றுநாற்பது லாரி, ஒரு ஜேசிபி,
அதன் டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறான்.

என் கடை திறந்திருக்கிறது:
ஜெராக்ஸ், இ-வே பில், பாஸ்டேக் ரீசார்ஜ்,
ஒழுகுகிற இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.
யார் ஆரம்பித்தது என்று இப்போது கேட்டால்
எல்லோரும் மறுப்பார்கள்.

ஒரே ஒரு பாட்டில் ஊரையே அடித்துவிட்டு
அதோடு காணாமல் போனவர்களில்
யார் பெரிய ஆள்?

"லில்லி தம்பிதுரை" என்றார் இசக்கிராஜ்.
முந்நூற்றிருபது பெட்டி தக்காளி, கொல்லத்துக்கு.
"'மிஸ்டர் மழை' கேசட்டு. தொண்ணூத்தெட்டு.
பாவூர்சத்திரம் சந்தையில அந்த வருசம்
அதைப் போடாத கடையில
நான் கத்திரிக்காகூட வாங்கல."

சிமெண்ட் மைதீன் பிச்சை ஒத்துக்கொள்ளவில்லை.
"ரீகன் பாஸ்கரைச் சொல்லும் வே.
'சிவப்பு சிக்னல்.'
மினிபஸ்ஸுக்கு ஹாரனே அதுதான்.
ரெண்டாவது கேசட்டு போட்டான்,
அவன் பொண்டாட்டிகூட வாங்கல.
சுத்தமா தோத்திருக்கணும்.
இல்லைன்னா கணக்குல வராது."

எடைமேடையில் வெற்று வண்டியின் எடையைக்
கழிப்பார்களே, அப்படியா என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
வாளி நிரம்பியிருந்தது. போய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

வந்தபோது ஷிபு சிரித்துக்கொண்டிருந்தான்.
புனலூர்க்காரன், நாமக்கல் முட்டையோடு மாட்டியவன்.
"லில்லியோ? எங்க லில்லிக்குட்டியோ?
அவங்க எங்க பக்கம் நாப்பது ஆல்பம் சேட்டா.
கிறிஸ்மஸ் வந்தா அவங்கதான்.
போன மாசம் கொட்டாரக்கரையில
ரெண்டு மணிக்கூர் நின்னு பாடினாங்க."

இசக்கிராஜ் பீடியைத் தேடினார்.
இருபத்தைந்து வருடமாக
அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டவர்.
கொடுத்த வருத்தத்தை
எந்த ஆபீசில் திருப்பி வாங்குவது?

"அப்போ லில்லி செல்லாது" என்றார் மைதீன் பிச்சை.
"வேற மாநிலத்துல சரக்கு இருக்கு."
"இருக்கட்டே. உங்க ஸ்டேட் பெர்மிட்டுல
ஒண்ணுதானே காட்டுது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்,
ரசீது அடிப்பவளுக்குச் சட்டம் தெரியும் என்பதுபோல.
மலைக்கு இந்தப் பக்கம் அவள் ஒருநாள் சாரல்.
அந்தப் பக்கம் இடவப்பாதி.
இதை நான் சொல்லவில்லை.
போனில் பாட்டைப் போட்டேன்.

பல்லவிக்கு எல்லோரும் சேர்ந்தார்கள்.
வரிசையில் நின்ற ஒரு வைக்கோல் லாரிகூட
இரண்டு முறை ஹாரன் அடித்தது.
சரணம் வந்தது.
ஒருவருக்கும் தெரியவில்லை.
வாய்கள் மட்டும் அசைந்தன,
தெரியாத சாமிக்குக் கும்பிடு போடுவதுபோல.

ஷிபுவின் கிளீனர் ஆதர்ஷுக்குப் பத்தொன்பது வயது.
"இது அந்த ரீல்ஸ் பாட்டுதானே?
இவ்வளவு நீளமா இருக்குமா?"
அவனிடம் இருந்தது பதினைந்து விநாடி.
ஒத்தைப் பாட்டுகூட இல்லை, கால் பாட்டு.
அதற்கு மட்டும் அவன் ஆடிக் காட்டினான்,
நன்றாகத்தான் ஆடினான்.

மூன்று மணிக்கு வழி திறந்தது.
தீர்ப்பு இல்லை.
மைதீன் பிச்சை ஜெராக்ஸுக்குத் தரவேண்டிய
ஆறு ரூபாயும் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து
காலிப் பெட்டிகளோடு இறங்கிய இசக்கிராஜ்
வண்டியை நிறுத்தவில்லை.
கேபினிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்:
"ரெண்டாவது சரணத்துல குடையைத் தொலைச்சிருதாம்மா!
மழை இல்ல, அவதான் தொலைக்கா!"

பின்னால் வந்த பஸ் மீதியை விழுங்கிவிட்டது.
நான் ஒருவருக்கு
நேந்திரங்காய் நாலு டன் அடித்துக்கொண்டிருந்தேன்.
சரக்கின் பெயர் என்ற கட்டத்தில்
குடை என்று அடித்து,
அழித்து,
மறுபடி அடித்தேன்.